மூடியில் எழுதியவள்

டிக். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நுண்ணோக்கி இப்படி டிக்கென்று கண்ணைத் திறந்து, ஒரு நொடி நீல வெளிச்சத்தைக் கொட்டி, மறுபடி மூடிக்கொள்ளும், படம் தானே கணினிக்குப் போய்விடும், பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து காவல் காக்க வேண்டிய அவசியமே இல்லை, மாணவர்கள் யாரும் காப்பதுமில்லை, போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஆனால் மரகதவல்லி மத்தியானம் இரண்டு இருபதுக்கு அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. முப்பத்துநாலு வயதில், டாக்டர் பட்டம் வாங்கி நாலு வருடம் ஆன பிறகு, நேற்றுச் சேர்ந்த மாணவி மாதிரி திரையை முறைத்துக்கொண்டிருப்பது அவளுக்கே சிரிப்பாகத்தான் இருந்தது, சிரிக்கத்தான் வரவில்லை. வெளியே மதுரை வெயில் அக்டோபரிலும் சளைக்காமல் அடித்துக்கொண்டிருந்தது, இந்த இருட்டறைக்குள் ஏசி பதினெட்டில் ஓடியது, இருந்தும் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திரையில் சீரகத்தை இறைத்துவிட்டதுபோல் நாற்பது நாற்பத்தைந்து பாக்டீரியாக்கள், சாம்பல் நிறத்தில், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு பச்சைப் புள்ளி. மேலே இடது மூலையிலிருந்து மூன்றாவதை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள், ஏன் அதை என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பஸ்ஸில் ஏறியதும் கண் போய் ஒரு சீட்டில் விழுமே, அப்படி விழுந்தது. நாலு மணிக்கு மாடியில் ஆய்வுக்குழு கூடுகிறது. இதே ஆய்வகத்தின் ஆராய்ச்சி மாணவன் சிக்கந்தர் இரண்டு வருடமாகச் செய்ததெல்லாம் கணக்கில் சேராது, தலைப்பை மாற்றி முதலிலிருந்து ஆரம்பி என்று சொல்லப் போகிறார்கள், அல்லது அவனே போதும் சார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மேலூருக்குப் பஸ் ஏறப் போகிறான், இரண்டில் ஒன்று. அதற்குள் இந்தச் சீரகம் இரண்டாகப் பிரிந்துவிடும். பிரியும்போது புள்ளியும் இரண்டாகி ஆளுக்கொரு பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் மூன்று வருடத்துக்கு முன்னால் மரகதம் எழுதிய கட்டுரை சரி, சிக்கந்தருக்குத்தான் கை சரியில்லை. போய்ச் சேராவிட்டால் சிக்கந்தர் சரி, கட்டுரை தப்பு, அந்தக் கட்டுரையைக் காட்டி அவள் வாங்கிய கல்லூரி வேலை, வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டிய வேலை, அது என்னவாகும் என்று அவளுக்குத் தெரியாது. இப்போது மணி இரண்டு ஐம்பது.

புள்ளி இன்னும் ஒன்றாகத்தான் இருந்தது. ஒரு பாக்டீரியாவுக்கு ஒரே ஒரு குரோமோசோம், வளையமாக, எடுத்து நீட்டினால் அந்த உடம்பைப்போல ஆயிரம் மடங்கு நீளம், அதைச் சுருட்டி மடக்கி எப்படியோ உள்ளே அடைத்து வைத்திருக்கிறது, பிறகு அதற்கு ஒரு நகலும் எடுத்து, ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் ஒதுக்கிவிட்டு நடுவில் சுவர் எழுப்பிக்கொள்கிறது, இத்தனையும் ஒரு மணி நேரத்துக்குள். நம் உடம்புச் செல்களில் பிரித்து இழுக்க நார் நாராக ஒரு ஏற்பாடே உண்டு, பாவம், பாக்டீரியாவுக்கு அந்த வசதி கிடையாது. நகல் தொடங்குகிற இடத்தைப் பிடித்து அடுத்த கோடிக்கு நகர்த்திக்கொண்டு போகிற ஒரு புரதம் மட்டும் உண்டு, இந்த ஆய்வகத்தில் அதற்கு இழுப்பான் என்று பெயர், பச்சைப் புள்ளியை ஒட்டவைத்திருப்பதும் அந்தத் தொடக்க இடத்தில்தான். மரகதம் இழுப்பானின் மரபணுவையே வெட்டி எடுத்துவிட்டாள். வெட்டியும் புள்ளிகள் ஒழுங்காகப் பிரிந்து போயின. அப்படியானால் இழுப்பானே இல்லாமல் இழுக்கிற வேறு ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது, அதுதான் கட்டுரை, அதற்குத்தான் ஆய்வகத் தலைவர் கனகசபாபதி சார் துறை முழுக்கப் பால்கோவா கொடுத்தார், அதைத்தான் நேர்முகத்தேர்வில் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "இழுக்கிறதுக்கு ஆளே இல்லாம எப்படிம்மா போகுது?" என்று கேட்டார், "அதைத்தான் சார் எங்க லேப்ல தேடிக்கிட்டு இருக்கோம்" என்று அவள் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். தேடிக்கொண்டிருந்தது சிக்கந்தர். அந்த வேறு ஏதோ ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் அவன் தலைப்பு, அதற்காக அவனும் தன் கையால் புதிதாக இழுப்பானை வெட்டி எடுத்தான், அவனுக்குப் புள்ளிகள் ஒழுங்காகப் பிரியவில்லை. சுவர் நினைவுக்கு வந்தது, ஏன் இப்போது வருகிறதோ, அவளுக்கு எட்டு வயதில் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது கூடத்தின் நடுவில் கொத்தனார் சுவர் வைத்தது, கோட்டுக்குச் சரியாக நடுவில் பீரோ நின்றது, நீ நகர்த்து நீ நகர்த்து என்று இருவரும் விறைத்துக்கொண்டு நிற்க, கொத்தனார் காத்திருந்து பார்த்துவிட்டு பீரோவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செங்கல் அடுக்கிவிட்டுப் போய்விட்டார், கதவு இவர்கள் பக்கம், முதுகு சித்தப்பா பக்கம், சித்தியின் பட்டுப்புடவை மூன்றும் உள்ளே. அம்மா அந்தப் புடவைகளை எடுத்துக் கொடுக்க எட்டு மாதம் ஆனது, கேட்கட்டும் கொடுக்கிறேன் என்று இருந்தாள் அம்மா. மரகதம் தினம் அந்தப் பீரோவைத் திறந்து பள்ளிக்கூடச் சட்டையை எடுப்பாள், புடவைகளைப் பார்ப்பாள், மூடுவாள்.

டிக். திரையில் கிடப்பவை போன வாரம் மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியின் அடியிலிருந்து அவள் எடுத்த ஒரு சின்ன டியூப்பிலிருந்து வளர்த்தவை. முதல் டியூப். மரபணுவை வெட்டி, வெட்டியது உண்மைதானா என்று சோதித்து, உறையவைத்தது. அதிலிருந்து ஒரு தட்டில் வளர்த்து, அந்தத் தட்டிலிருந்து எடுத்ததைத்தான் கட்டுரைக்குப் படம் பிடித்தாள், தட்டிலிருந்து உறையவைத்த இரண்டாவது டியூப் எப்போதோ காலியாகிவிட்டது, இனி அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. தட்டு. தட்டு இல்லை, மூடி. எல்லாச் சனியனும் மூடியில்தான். பாக்டீரியா வளர்க்கிற கண்ணாடித் தட்டில் பெயரை அடியில் எழுத வேண்டும், மூடியில் எழுதக்கூடாது, இது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம், ஏனென்றால் மூடி கழன்று வரும், அடி வராது. மரகதம் அப்போது மூடியில்தான் எழுதுவாள். அடியில் மார்க்கரால் எழுதினால் படம் எடுக்கும்போது எழுத்து குறுக்கே விழுந்து அசிங்கமாக இருக்கிறது என்பது அவள் கட்சி. அன்றைக்கு இரண்டு தட்டு, ஒன்றில் இழுப்பான் உள்ள சாதாரணப் பாக்டீரியா, ஒன்றில் இழுப்பான் இல்லாதது, இரண்டிலும் பச்சைப் புள்ளி, பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். நீல விளக்கைப் போட்டால் இரண்டும் பச்சையாக மின்னின. அவ்வளவு அழகாக இருந்தது, உண்மையிலேயே அழகு, யாருக்காவது காட்ட வேண்டும்போல் இருந்தது, அறை விளக்கை அணைத்துவிட்டு போனை எடுத்தாள், மூடியின் உள்பக்கம் நீர் கோத்திருந்ததால் படம் மங்கலாக வந்தது, இரண்டு மூடியையும் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஓரமாக வைத்துவிட்டு எடுத்தாள். ஜோராக வந்தது. தங்கைக்கு அனுப்பினாள், தங்கை நட்சத்திரம் போட்டு பதில் அனுப்பினாள். பிறகு இருட்டிலேயே மூடிகளை எடுத்து மூடினாள். எந்த மூடியை எதற்கு. மேலே இருந்ததை வலது கைப் பக்கத்துக்கா, இடது கைப் பக்கத்துக்கா. சரியாகத்தான் மூடியிருப்பாள், யார்தான் தப்பாக மூடுவார்கள், கவனமில்லாமல் வேலை செய்கிற ஆளா அவள், மேலே இருந்தது எது, கழற்றும்போது எதை முதலில் கழற்றினாள். மூன்று வருடத்துக்கு முன்னால் கழற்றிய ஒரு மூடியை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சித்திரை வரைக்கும் அவளுக்கு அந்த எண்ணமே இல்லை, சாமி சத்தியமாக இல்லை. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் படம் எடுக்கப் போனை உயர்த்தினால் இடமில்லை என்றது, கூட்டத்துக்கு நடுவில், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஆட்கள் இடித்துக்கொண்டு ஓட, ஓரமாக ஒதுங்கி நின்று பழைய படங்களை அழித்துக்கொண்டே வந்தாள், அப்போது வந்தது அந்தப் படம். இரண்டு பச்சைத் தட்டு, பெயரே இல்லாமல். ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூடி. சிக்கந்தர் அப்போது ஒன்றரை வருடமாக, எனக்கு மட்டும் பிரிய மாட்டேங்குதுக்கா, காலி காலியாப் பொறக்குதுக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தான். காலி என்றால் குரோமோசோமே இல்லாமல் பிறந்த பாக்டீரியா. அந்தக் கூட்டத்தில், வெயிலில், மூடி மாறியிருந்தால் என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. அந்தப் படத்தை மட்டும் அழிக்கவில்லை, பெரிய நேர்மை! மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். சார், ஒரு சந்தேகம். மூன்றே வார்த்தை. நேர்முகத்தேர்வு முடியட்டும் என்று நினைத்தாள், முடிந்ததும் ஆணை வரட்டும் என்று நினைத்தாள், வந்ததும், வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஏன் ஊரைக் கூட்ட வேண்டும் என்று நினைத்தாள். கனகசபாபதி சார் கெட்டவர் இல்லை, ரொம்ப நல்லவர், அதுதான் தொல்லை, நல்லவர் குரலில் அவர் சிக்கந்தரிடம் சொன்னார், "மரகதம் செஞ்சப்ப வந்துச்சேப்பா. அதே லேப், அதே மைக்ராஸ்கோப். உனக்குக் கை இன்னும் படியல." அவள் அப்போது பக்கத்தில் நின்று பிப்பெட் முனைகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள், ஒன்று, இரண்டு, மூன்று, நிறுத்தாமல் அடுக்கினாள். அதைவிடக் கேவலம் ஜூலையில் நடந்தது. சிக்கந்தரே வந்து கூப்பிட்டான், "அக்கா, ஒருநாள் என் பின்னாடி நின்னு பாருங்கக்கா, எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க." நின்றாள். ஒரு முழுக் காலை நின்றாள். அவன் செய்ததில் ஒரு குறை கிடையாது, அவளைவிடச் சுத்தம், தட்டுக்கு அடியில் எழுத்துக்கூடக் குண்டு குண்டாக. ஏதாவது சொல்லியாக வேண்டுமே, "பிப்பெட்டைக் கொஞ்சம் மெதுவா அமுக்கிப் பாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம், எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில், அவன் வெறும் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி விட்டு, மெதுவாக அமுக்கப் பழகிக்கொண்டிருந்தான். அவள் அதைக் கடந்து போய்த்தான் தினமும் டிபன் டப்பாவைக் கழுவினாள்.

மூன்று ஐந்துக்கு புள்ளி இரண்டானது. மரகதம் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். இரண்டு, ஆமாம், இரண்டுதான், மெல்லிய இடைவெளி தெரிகிறது, அடுத்த டிக், இடைவெளி கொஞ்சம் கூடியிருக்கிறது, போ, அப்படித்தான், போ. வலது கோடிக்கு இன்னும் வெகு தூரம் இருந்தது. போகும் என்று நினைத்தாள், தட்டு மாறவில்லை, மூடி மாறவில்லை, நான் சரியாகத்தான் மூடினேன், ஆறு மாதமாக வீணாக வெந்துகொண்டிருக்கிறேன், பையனுக்குத்தான் கை சரியில்லை, பாவம், கனகசபாபதி சாரிடம் சொல்லி நல்ல தலைப்பாக வாங்கிக் கொடுக்கலாம், ஊக்கத்தொகையை நீட்டிக்கக் கேட்கலாம். இப்படி நினைக்கும்போதே அவன்மேல் அளவு கடந்த பிரியம் வந்தது, ஒருவன் தோற்கப் போகிறான் என்று தெரிந்தால் இவ்வளவு பிரியம் வருமா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. டிக். கீழே வலது மூலையில் ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது, அதை அவள் பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தாள், கண் போய்விட்டது. ஒரு பாதியில் இரண்டு புள்ளி. இன்னொரு பாதியில் ஒன்றுமில்லை. ஒன்றுதானே, சாதாரணப் பாக்டீரியாவிலும் ஆயிரத்தில் ஒன்று அப்படிப் பிறக்கும். டிக். நடுவில் இன்னொன்று. அங்கேயும் ஒரு பாதி காலி. இரண்டு. நாற்பதில் இரண்டு என்றால் யோசிக்க வேண்டும், யோசிக்காதே, மூன்றாவதைப் பார், அது உன்னுடையது. மூன்றாவதில் புள்ளிகள் நின்ற இடத்தில் நின்றன. கை தானாக விளக்குத் திருகின்மேல் போய் உட்கார்ந்தது. நீல வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், அதிக வெளிச்சம் பட்டால் பாக்டீரியா வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், ஒழுங்காகப் பிரிந்திருக்குமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, வெளிச்சம் கூடிப்போச்சு, சோதனை கெட்டுப்போச்சு, அவ்வளவுதான், இந்த அறையில் மாதம் இரண்டு முறை யாருக்காவது நடக்கிறதுதான். தெரியாமல் போய்விட்டால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை. திரும்பவும் செய்யத் திங்கட்கிழமைக்கு மேல் ஆகும், திங்கட்கிழமை அவள் வேறு ஊரில் இருப்பாள், வகுப்பில் முதல் நாள், பெண்கள் எழுந்து நின்று குட்மார்னிங் சொல்வார்கள், பாக்டீரியாவைத்தான் நடத்த வேண்டியிருக்கும், பலகையில் வட்டம் வரைந்து, குரோமோசோம் எப்படிப் பிரிகிறது என்றால். விரல் திருகின் பல்லை உணர்ந்தது. ஏசி சத்தம் திடீரென்று நின்று மறுபடி ஓடியது. கையை எடுத்தாள், எடுத்து மடியில் வைத்து அதன்மேல் இன்னொரு கையை வைத்துக்கொண்டாள். நல்லவள் என்பதால் எடுக்கவில்லை, பயத்தில் எடுத்தாள், கணினி ஒவ்வொரு படத்துக்கும் விளக்கின் அளவையும் பதிந்துகொள்ளும் என்பது அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது.

மூன்று முப்பத்தாறுக்கு, மூன்றாவதன் நடுவில் இடுப்புபோல் ஒரு ஒடுக்கம் விழ ஆரம்பித்தது. குரோமோசோம் குறுக்கே கிடந்தால் சுவரைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிற காவல் ஒன்று பாக்டீரியாவுக்குள் உண்டு, நிறுத்திவைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள், ஆனால் குறுக்கே ஒன்றும் கிடக்கவில்லை போலிருக்கிறது, எல்லாமே இடது பக்கம்தான் ஒண்டிக்கிடந்தது, சுவருக்குத் தடை சொல்ல அங்கே ஆளில்லை. டிக். இடுப்பு இன்னும் ஒடுங்கியது. போயேன், ஒன்றாவது போயேன், என்று வாய்விட்டே சொன்னாள். யார் இழுப்பார்கள்? இழுக்கிறவனைத்தான் அவளே வெட்டி எடுத்தாளே. வேறு ஏதோ ஒன்று, வேறு ஏதோ ஒன்று என்று மூன்று வருடம் எழுதியும் பேசியும் வந்தாளே, அந்த வேறு ஏதோ ஒன்று எங்கே, இப்போது வரச் சொல்லுங்கள் பார்ப்போம், அது கிடையாது, எந்தக் காலத்திலும் கிடையாது, ஒரு பையனை இரண்டு வருடம் அதைத் தேட விட்டிருக்கிறாள். அவளுக்குக் கோபம் வந்தது, அந்தத் துளி ஜீவன்மேல் கோபம், பிறகு தங்கைமேல், நட்சத்திரம் போட்டு பதில் அனுப்பியதற்கு, பிறகு மூடியில் நீர் கோத்ததற்கு. அப்பாவுக்கு என்ன சொல்வது. வேலை கிடைத்ததும் அவர் தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார், நாலாவது வீடு சித்தப்பா வீடு. டிக். இடது பாதியில் இரண்டு பச்சைப் புள்ளி, பக்கத்தில் பக்கத்தில். வலது பாதியில் வெறும் சாம்பல். அடுத்த படத்தில் இரண்டும் பிரிந்துவிட்டன, காலியானது ஒன்றும் தெரியாததுபோல் மற்றதைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து கிடந்தது, கொஞ்ச நேரம் அதுவும் உயிரோடு இருப்பதுபோலத்தான் இருக்கும், பிறகு வளராது. அவள் மற்றவற்றையும் எண்ணினாள், இப்போது எண்ணலாம். பிரிந்து முடிந்தவை முப்பத்தொன்று, அதில் ஒரு பாதி காலியாகப் போனவை ஒன்பது. மணி மூன்று நாற்பத்தெட்டு.

கதவு மூன்றுமுறை தட்டப்பட்டது. இருட்டறைக் கதவை மூன்றுமுறை தட்டிவிட்டு, உள்ளே டிக் சத்தம் கேட்டு ஓய்ந்த பிறகுதான் திறக்க வேண்டும், படம் எடுக்கும் நேரத்தில் வெளிச்சம் விழக்கூடாது, யாரும் அதைச் சரியாகச் செய்வதில்லை. தட்டியவன் காத்திருந்தான். டிக் என்றது. பிறகுதான் கதவு ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து மூடியது.

"நாந்தான்க்கா. ரூம் சாவி என்கிட்ட ஒண்ணு இருக்குல்ல, குடுத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

சிக்கந்தர் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், திரை வெளிச்சத்தில் அது மட்டும்தான் முதலில் தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"அது என்ன கையில?" என்றாள்.

"லெட்டருதான். கையெழுத்தெல்லாம் போட்டாச்சு. சாரு பேசுறதுக்கு முன்னாடியே குடுத்துட்டா அவருக்கும் சங்கடம் இல்லேல்ல." சாவியை மேசையில் வைக்கக் குனிந்தவன் அப்படியே திரையைப் பார்த்தான். நிமிரவில்லை. "அக்கா, இதை எதுக்குக்கா போட்டு வச்சிருக்கீங்க?"

"எதை?"

"என்னோடதை." கூச்சமாகச் சிரித்தான். "சார் கடைசியா ஒருக்கா பாக்கச் சொன்னாராக்கும். வேணாம்க்கா, உங்களுக்கு எதுக்கு செரமம். நான் எண்ணாத எண்ணிக்கையா? எத்தனை தடவை செஞ்சாலும் நூத்துக்கு இருபத்தெட்டு, இருபத்தொம்பது காலி. தப்பாச் செய்யுறவனுக்கு எப்புடி சார் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுல தப்பு வரும்னு கேட்டுரலாம்னு ஒருநா வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்புறம் கேக்கல. அவரு மனசு கஷ்டப்படும்."

முப்பத்தொன்றில் ஒன்பது. அவள் மனசு தன்போக்கில் வகுத்துப் பார்த்தது. இருபத்தொன்பது.

"இது உன்னோடது இல்ல சிக்கந்தர்."

"பின்ன?"

"என்னோடது. மொத டியூப்பு. கட்டுரை எழுதுறதுக்கு முன்னாடி நான் ஒறைய வச்சது."

அவன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். புரிந்துகொள்ளாமல் இருக்கவே அவன் விரும்பியதுபோல் இருந்தது. அவள் சொன்னாள், தட்டு, இருட்டு, நீல விளக்கு, இரண்டு மூடியையும் கழற்றிப் படம் எடுத்தது, அத்தனையும் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஆறு மாதமாகச் சொல்ல முடியாமல் கிடந்தது இவ்வளவுதானா என்றிருந்தது. நடுவில் ஒருமுறை டிக் என்றது, நீல வெளிச்சம் விளிம்பில் கசிந்து அணைந்தது.

"அப்ப கட்டுரைல இருக்குறது..."

"சாதாரண பாக்டீரியா. இழுப்பான் இருக்குறது. அதான் ஒழுங்காப் பிரிஞ்சிருக்கு."

"அப்ப எனக்கு வந்தது?"

"அதுதான் சரி. உன் கையில ஒரு தப்பும் இல்ல."

அவன் ஸ்டூலைக் காலால் தேடி உட்கார்ந்தான். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான், வியர்வையைத் துடைக்கிற மாதிரி, அந்தக் குளிரில். அவன் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள், கத்தினால் நன்றாக இருக்கும். அவன் மெதுவாக, பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் குரலில், "மூடி யாருக்கும் மாறும்க்கா," என்றான். "எனக்கே ரெண்டு தடவை மாறப் பாத்துச்சு. இதுல போயி என்ன. வாங்க, சார்கிட்ட சேந்தே சொல்லுவோம். நீங்களே கண்டுபிடிச்சீங்கன்னு சொல்லுவோம். அவரு புரிஞ்சுக்குவாரு." ஃபைலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தவன், பிறகு சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டான். "எப்பக்கா சந்தேகம் வந்துச்சு உங்களுக்கு? இப்பத்தானா?"

இப்பத்தான். சொல்லிவிடலாம். பொய்கூட இல்லை, கண்ணால் பார்த்தது இப்போதுதானே, அதற்கு முன் இருந்ததெல்லாம் ஒரு பழைய படமும் வெறும் ஊகமும். அவன் நம்புவான், நம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறான், அவன் கேட்டதே அந்தப் பதிலைக் கையில் கொடுத்துத்தான். தவறு செய்தவள் என்று இருந்துவிடலாம், தவறு யாருக்கும் வரும், அதற்கு இரக்கப்படக்கூட ஆள் உண்டு, வேலைகூடத் தப்பினாலும் தப்பும், தானே கண்டுபிடித்துத் தானே சொன்னாளே என்று நாலு பேர் மெச்சுவார்கள், அவனும் கடைசிவரை அக்கா என்பான். அவள் வாயைத் திறந்தாள், இ என்ற எழுத்துக்கு நாக்கு தயாராகக்கூட இருந்தது.

"சித்திரையிலேர்ந்து," என்றாள்.

அவன் கணக்குப் போடுவது தெரிந்தது. வைகாசி, ஆனி என்று அவன் எண்ண மாட்டான், ஏப்ரல், மே, ஜூன் என்று எண்ணுவான். ஜூலையில் வந்து நின்றான்.

"ஜூலைல என் பின்னாடி நின்னு பாத்தீங்களே. அப்ப?"

"அப்பவும் தெரியும்."

டிக் என்றது. வெளிச்சம் அணைந்தது. அவன் எழுந்து, ஸ்டூலை இருந்த இடத்துக்கே சத்தமில்லாமல் தள்ளி வைத்து, ஃபைலிலிருந்து கடிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கதவைத் திறந்து பிடித்தான், வெளி வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது.

"வாங்க மேடம்," என்றான். "மணி நாலாகப்போகுது."